டோட்டல் லாஸ் என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர், வரதராஜபுரம், இன்னும் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் எல்லாத் தெருக்களிலும் கார், பைக் வைத்திருப்பவர்களுக்கு,



ஐப்பசி பிறந்தால் உங்களுக்குத் தூக்கம் போய்விடும் என்பது தெரிந்ததுதான். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டி நின்ற கார்களை ஊரே பார்த்தது. சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் செய்த காரியம் அது. கட்டிய இன்சூரன்ஸைவிட அந்த மேம்பாலத்தை நம்பலாம் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவர்களில் பலரை அந்த முடிவுக்குத் தள்ளியவை இரண்டே ஆங்கிலச் சொற்கள்: டோட்டல் லாஸ்.

தண்ணீர் வடிந்து ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வரும். “சார், உங்க வண்டிய டோட்டல் லாஸ் போட்டுட்டாங்க சார். பேப்பர்ல ஒரு கையெழுத்து வேணும், வந்துட்டுப் போயிடுங்க.” சொல்பவர் சாதாரணமாகத்தான் சொல்வார், அன்றைக்கு அவருக்கு அது இருபதாவது போனாக இருக்கலாம். கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டில் மெத்தை போயிருக்கும், ஃப்ரிட்ஜ் போயிருக்கும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ‘டோட்டல்’ என்ற சொல் காதில் விழுந்தால், எல்லாம் முடிந்தது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம் என்றுதான் மனசு சொல்லும். போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். என்ன தாள், எந்தத் தொகை, யாருக்கு மாற்றம் என்று பார்த்தவர்கள் குறைவு.

இன்சூரன்ஸ் க்ளெய்ம் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். டோட்டல் லாஸ் என்பது உங்கள் வண்டியின் மரணச் செய்தி அல்ல. அது ஒரு கணக்கு. கணக்கு என்றால் சரிபார்க்கலாம், கேள்வி கேட்கலாம், தப்பிருந்தால் திருத்தச் சொல்லலாம்.

கணக்கு இதுதான். உங்கள் பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். வண்டிக்குக் கம்பெனி ஒப்புக்கொண்ட மதிப்பு அது. வண்டியை இழுத்து வந்து பழுது பார்க்க ஆகும் செலவு அந்த ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், பழுது பார்ப்பதில்லை, முழு இழப்பாகவே எடுத்துக்கொள்வோம் என்று பாலிசி சொல்கிறது. ஐடிவி 6 லட்சம் என்றால் கோடு 4.5 லட்சத்தில். செலவு 4.4 லட்சம் என்றால் உங்கள் வண்டி பழுது பார்க்கத்தக்கது, 4.6 லட்சம் என்றால் டோட்டல் லாஸ். வண்டி ஒன்றுதான், உள்ளே போன தண்ணீரும் ஒன்றுதான். இருபதாயிரம் ரூபாய் கூடக் குறைய எழுதியதில் பெயர் மாறிவிடுகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது அந்த எஸ்டிமேட்டை. அதை எழுதுவது சர்வீஸ் சென்டர். சரிபார்த்து மதிப்பிடுவது அரசு ஆணையத்தின் உரிமம் பெற்ற சர்வேயர். அவருக்கு ஊதியம் தருவது இன்சூரன்ஸ் கம்பெனி என்பதையும் மறக்க வேண்டாம். வெள்ள சீசனில் ஒவ்வொரு சர்வீஸ் சென்டர் வளாகத்திலும் நூற்றுக்கணக்கில் வண்டிகள் நிற்கும். நனைந்த சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து, வயரிங்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. பிரிக்காமலேயே, எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும் என்று வரிசையாக எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதினால் கோட்டைத் தாண்டுவதும் சுலபம். எல்லாரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். எஸ்டிமேட்டின் நகலைக் கையில் வாங்காமல் உங்களால் தெரிந்துகொள்ள முடியாது என்று மட்டும் சொல்வேன். சர்வே அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

நியாயமாகவே முழு இழப்பாகும் வண்டிகளும் உண்டு. தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைப் பொறுத்தது அது. கதவைத் திறந்து சீட்டுத் துணியைப் பாருங்கள். சேறு ஒரு கோடு போட்டிருக்கும். கோடு தரையோடு நின்றிருந்தால் பிழைத்தீர்கள்: கார்ப்பெட், மேட், கொஞ்சம் வயரிங். சீட்டு உயரம் வந்திருந்தால் கியர் லீவருக்கு அடியில் இருக்கும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி நனைந்திருக்கும், சீட்டுக்கு அடியில் ஓடும் கனெக்டர்கள் நனைந்திருக்கும். அந்த கனெக்டர்களைப் பிரித்துப் பார்த்தால் பித்தளைப் பின்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது தெரியும். டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் வாதாட அதிகம் இல்லை. எஞ்சின் ஆயில் பார்க்கும் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக இல்லாமல் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது.

இப்படித் தண்ணீர் போன வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தயவுசெய்து சாவியைத் தொடாதீர்கள். பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சினைச் சுற்றவிட்டால் கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குமேல் இன்சூரன்ஸ் கம்பெனி, வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு, பின்னது தொடர் இழப்பு, சாதாரண பாலிசியில் அது கிடையாது என்று சொல்லும். எஞ்சின் புரொடெக்ட் என்று கூடுதல் கவர் விற்பது இதற்காகத்தான். அது இல்லாதவர்கள் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நிற்கும் நிலையிலேயே நம்பர் பிளேட் தெரியப் படம் எடுத்துக்கொண்டு, இழுவை வண்டிக்குக் காத்திருப்பது நல்லது.

மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரிக்கு ஐபி67 பாதுகாப்பு என்று ஷோரூமில் சொல்லியிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் என்பதுதான் அந்தச் சோதனை. முடிச்சூரில் இரண்டு நாள் நிற்கும் சாக்கடைத் தண்ணீருக்கு அந்தச் சோதனை நடக்கவில்லை. வண்டி விலையில் பெரும் பங்கு பேட்டரிக்கே போவதால், அதை மாற்ற வேண்டும் என்று எழுதினால் 75 சதவீதக் கோட்டை நோக்கி ஒரே வரியில் வெகுதூரம் போய்விடும்.

சாக்கடைத் தண்ணீர் என்றதும் ஒரு பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. டோட்டல் லாஸ் என்ற சொற்கள் காருக்காகப் பிறந்தவை அல்ல, கப்பலிலிருந்து வந்தவை. லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காபிக் கடையில் கப்பல் முதலாளிகளும் பணம் போடுபவர்களும் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்த தொழில் இது. கப்பலைப் பற்றித் தகவலே வராமல் போனால் அதையும் முழு இழப்பாகக் கருதும் விதி இந்தத் தொழிலில் உண்டு. 1799-இல் மூழ்கிய லூட்டின் என்ற போர்க்கப்பலின் மணியை எடுத்து வந்து லாயிட்ஸ் மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் கப்பல் மூழ்கிய செய்திக்கு ஒரு தடவை அடித்தார்கள், வராது என்று கைவிட்ட கப்பல் வந்துவிட்டால் இரண்டு தடவை.

நான் சொல்ல வந்த வழக்கும் லண்டனில் நடந்ததுதான். பேரீச்சம்பழம் ஏற்றி வந்த ஒரு கப்பல் தேம்ஸ் ஆற்றில் மூழ்கியது. கப்பலைத் தூக்கினார்கள். பழங்கள் சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணீரில் ஊறிப் புளித்திருந்தன. சாப்பிட லாயக்கில்லை என்று தள்ளியாகிவிட்டது. ஆனால் பார்வைக்கு இன்னும் பேரீச்சம்பழம்தான், சாராயம் காய்ச்ச விற்கவும் முடிந்தது. இது முழு இழப்பு இல்லை, பழம் பழமாகத்தானே இருக்கிறது என்பது காப்பீடு கொடுத்தவர்களின் வாதம். 1896-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வியாபாரிகள் கண்ணில் அது பேரீச்சம்பழம் என்ற பொருளாக இல்லாமல் போய்விட்டது, ஆகவே முழு இழப்பு என்றது. கண்ணுக்குத் தெரியும் உருவத்தை நீதிமன்றம் பார்க்கவில்லை, எதற்காக அந்தப் பொருளோ அதற்கு உதவுமா என்று பார்த்தது. பள்ளிக்கரணையில் மூன்று நாள் ஊறிய காரை வாட்டர் வாஷ் செய்து நிறுத்தினால் புதுக் கார் போலத்தான் இருக்கும். அடுத்த கோடையில் ஏர்பேக் விளக்கு தானாக எரியும்.

கப்பல் சட்டத்தில் இன்னொரு ஏற்பாடு உண்டு. கப்பல் உண்மையிலேயே மூழ்கிவிட்டால் அது ஒரு வகை. மூழ்கவில்லை, ஆனால் மீட்கும் செலவு மதிப்பைத் தாண்டுகிறது என்றால் அது இன்னொரு வகை. இரண்டாவதில் முதலாளி, “நான் கைவிடுகிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று முறைப்படி அறிவிக்க வேண்டும். முழுப் பணம் கொடுத்த கம்பெனிக்கு மிச்சமிருப்பதை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. 1906-இல் பிரிட்டனில் எழுதிய சட்டம் இப்படிச் சொல்கிறது, அதையொட்டி 1963-இல் நாம் எழுதிக்கொண்ட கடல் காப்பீட்டுச் சட்டமும் இப்படித்தான் சொல்கிறது. கைவிடுவதற்கும் எடுத்துக்கொள்வதற்கும் இரண்டுக்கும் அங்கே விதி இருக்கிறது. காரில் இந்த இரண்டாவது பாதி பல நேரம் எழுத்திலேயே இருப்பதில்லை. எனக்குக் கவலை அதைப் பற்றித்தான்.

அதற்கு முன் பணக் கணக்கை முடித்துவிடுவோம். டோட்டல் லாஸ் என்றால் உங்களுக்கு வர வேண்டியது ஐடிவி முழுவதும். அதில் கட்டாயக் கழிவு மட்டும் போகும். 1500 சிசி வரையுள்ள காருக்கு அது ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் இரண்டாயிரம். நீங்களாக விரும்பி ஏற்ற கழிவு இருந்தால் அதையும் எடுப்பார்கள். “உங்க வண்டிக்கு இப்ப மார்க்கெட்ல இவ்வளவு போகாது சார்” என்று யாராவது பேரம் ஆரம்பித்தால் பாலிசியைப் பிரித்துக் காட்டுங்கள். பாலிசிக் காலம் முழுவதும் அந்த ஐடிவிதான் சந்தை மதிப்பு, முழு இழப்புக்கு இனி தேய்மானம் கிடையாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. இது தெரியாமல் முப்பதாயிரம் நாற்பதாயிரம் விட்டுக்கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் படிக்காதவர்கள் யாரும் இல்லை.

ஐடிவியை நிர்ணயிப்பதில் உங்கள் கையும் இருக்கிறது. புது வண்டி ஆறு மாதம் வரை 5 சதவீதத் தேய்மானம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, அதன்பின் 30, 40, 50 என்று ஐந்து வருடம் வரை ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்கு மேல் பேசித் தீர்ப்பதுதான். ஆனால் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியைக் கீழே இறக்குகிறோம். ஏஜென்ட்டும் இறக்குவார், செல்போனில் விலை ஒப்பிட்டுப் பார்க்கும்போதும் இறக்கிய ஐடிவிதான் மலிவாகத் தெரியும். இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். விளைவு இரண்டு. வண்டி போனால் வரும் பணம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். 75 சதவீதக் கோடும் கீழே இறங்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. 6 லட்சம் ஐடிவி வைத்தவருக்கு 4 லட்சம் செலவு என்றால் வண்டி பழுது பார்த்து வீட்டுக்கு வரும். அதே வண்டிக்கு 4.8 லட்சம் என்று போட்டவருக்குக் கோடு 3.6 லட்சத்தில். அவர் வண்டி டோட்டல் லாஸ்.

கடன் வாங்கி வண்டி எடுத்தவர்களுக்கு இன்னொரு அடி. ஷோரூம் விலை 8 லட்சம், அந்த 8 லட்சத்தையும் 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அந்த விலைக் காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அது மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல். அதுவும் பதிவுச் செலவும் உங்கள் கையிலிருந்து போனவை, ஐடிவியில் அவை சேராது. ஒன்றரை வருடத்தில் வெள்ளம் வருகிறது. ஐடிவி 6.4 லட்சம். கடனில் இன்னும் சுமார் 6 லட்சம் பாக்கி. ஆர்சியில் வங்கியின் பெயர் ஏறியிருப்பதால் பணம் முதலில் அங்கே போகும். உங்கள் கைக்கு வருவது நாற்பதாயிரம் சொச்சம். ஒன்றரை வருடம் மாதம் பதினாறாயிரத்து அறுநூறு கட்டியதற்கு மிச்சம் அதுதான். வண்டி வாங்கிய பில் விலையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கவர் எடுத்தவர்கள் இந்த இடத்தில் தப்பிப்பார்கள். புது வண்டிக்கு முதல் இரண்டு மூன்று வருடம் அது வீண் செலவு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. எட்டு வருட மாருதி, ஐடிவி 2 லட்சம். கம்பெனி சர்வீஸ் சென்டர் 1.7 லட்சம் எஸ்டிமேட் போடும். டோட்டல் லாஸ். ஆனால் உங்கள் தெரு முனை மெக்கானிக் 90 ஆயிரத்தில் முடித்துத் தருவேன் என்கிறார், உங்களுக்கும் அவர்மேல் நம்பிக்கை. அப்போது வண்டியை விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சால்வேஜுக்கு, அதாவது மிச்சமிருக்கும் வண்டிக்கு, எவ்வளவு வரும் என்று ஏலம் கேட்பார்கள். 60 ஆயிரம் வந்தால் அதைக் கழித்துக்கொண்டு மிச்சம் 1.4 லட்சத்தில் கட்டாயக் கழிவு போக உங்களிடம் கொடுத்துவிட்டு வண்டியையும் உங்களிடமே விட்டுவிடும் வழி ஒன்று உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். தண்ணீர் சீட்டைத் தாண்டாத, எலக்ட்ரானிக்ஸ் அதிகம் இல்லாத வண்டிக்கு இது சரிப்படும். ஏர்பேக் பெட்டி நனைந்த வண்டியை இப்படி எடுத்து ஓட்டாதீர்கள். காசு மிச்சம் பிடிக்க அது இடமில்லை.

இனி என் கவலைக்கு வருகிறேன். சால்வேஜ் வாங்குபவர் வந்து வண்டியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போவார். உங்களிடம் உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். “அப்புறம் ஃபில் பண்ணிக்குவாங்க சார்.” பணமும் கணக்கில் ஏறிவிடும். உங்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. ஆர்டிஓ அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்த வண்டி இன்னும் உங்களுடையது.

அந்த வண்டி எங்கே போகும்? சில வண்டிகள் உடைபட்டு உதிரிபாகமாகும். சில வண்டிகளுக்குச் சீட்டு மாற்றி, பெயின்ட் அடித்து, வெளியூரில் ‘சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ்’ என்று விற்பார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் முழு இழப்பான வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே அப்படிக் குறித்துவிடுவார்கள். நம் ஆர்சியில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இன்னும் சில வண்டிகளில் வியாபாரிக்கு வேண்டியது வண்டியே அல்ல, அதன் ஆர்சியும் சேஸி எண்ணும்தான். வேறெங்கோ திருடிய அதே மாடல், அதே நிற வண்டி இந்த எண்ணோடு ரோட்டுக்கு வரும்.

அந்த வண்டி யார் மேலாவது ஏறினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். மாற்றம் பதிவாகாத வரை பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டியைக் கைமாற்றிவிட்டேன் என்ற பதில் அங்கே எடுபடவில்லை. நீங்கள் டோட்டல் லாஸ் என்று மறந்துவிட்ட வண்டிக்கு அன்றைக்கு இன்சூரன்ஸ் இருக்காது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, வண்டி அழிந்தாலோ இனி நிரந்தரமாக ஓட்ட முடியாத நிலைக்குப் போனாலோ உரிமையாளர் 14 நாளுக்குள், அல்லது முடிந்த அளவு சீக்கிரம், ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். பதிவை ரத்து செய்துவிடுவார்கள். 2021-இல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு மையங்களில் ஒப்படைத்தால் சான்றிதழும் கிடைக்கும். ஆனால் ஆர்சி ரத்தான வண்டிக்கு ஏலத்தில் விலை குறையும், ஆர்சியோடு என்றால் கூடும். அதனால்தான் ஆர்சியோடு கொடுங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். கொடுப்பதானால் கொடுங்கள், ஆனால் ஃபார்ம் 30-இல் வாங்குபவர் பெயரும் முகவரியும் உங்கள் கண்முன் எழுதப்பட வேண்டும். ஒப்படைத்த தேதி, நேரம் போட்டு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை உங்கள் வண்டி எண்ணைப் பரிவாஹன் செயலியில் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பெயர் மாறவில்லை என்றால் ஆர்டிஓவுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களை மறக்கவில்லை. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஐந்து வருடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது நீங்கள் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு. உங்கள் வண்டி வெள்ளத்தில் போனால் அதற்கான சொந்தச் சேத கவர் பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்திருக்கும், தனியாகப் புதுப்பிக்க வேண்டும். காரிலும் இதே கதைதான், மூன்று வருடம் என்பது மட்டும் வித்தியாசம். சொந்தச் சேத கவர் இல்லாத வண்டிக்கு சர்வேயரும் வர மாட்டார், எஸ்டிமேட்டும் வராது, ஐடிவி என்ற பேச்சே எழாது. அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் அகராதிப்படி முழுமையாகப் பொருந்துவது அந்த வண்டிக்குத்தான். இன்றைக்கே பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். ‘ஓன் டேமேஜ்’ என்ற வரிக்கு எதிரே இருக்கும் முடிவுத் தேதி தனியாக இருக்கும்.

தென் மாவட்டங்களில் இருப்பவர்கள் இது சென்னைக் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்கு முந்தைய வாரம் வரை மிக்ஜாம் படங்களை டிவியில் பார்த்து உச்சுக்கொட்டியவர்கள்தான் அங்கேயும் இருந்தார்கள்.

கம்பெனி சொல்லும் தொகை சரியில்லை என்று தோன்றினால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை, 50 லட்சம் வரையிலான தகராறுகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது, அங்கே நாளாகும்.

சர்வேயர்களும் சர்வீஸ் சென்டர் அட்வைசர்களும் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். மிக்ஜாம் வாரத்தில் அவர்களும் சேற்றில் நின்றுதான் வேலை பார்த்தார்கள். போனில் அந்த இரண்டு சொற்களோடு வைத்துவிடாமல், ஐடிவி இவ்வளவு, எஸ்டிமேட் இவ்வளவு, உங்களுக்கு வருவது இவ்வளவு, வண்டியை எடுப்பவர் இன்னார் என்று நான்கு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதிச் சண்டை குறையும்.

உங்களிடம் கேட்பது இதைத்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பாலிசியை எடுத்து ஐடிவியைப் பாருங்கள். குறைத்துப் போட்டிருந்தால் அடுத்த புதுப்பித்தலில் உயர்த்துங்கள். வெள்ளம் வந்து, போனில் அந்தச் சொற்களைக் கேட்டால் எஸ்டிமேட் நகல், சர்வே அறிக்கை, வாங்குபவர் பெயர் இந்த மூன்றும் கைக்கு வராமல் பேனாவைத் திறக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வண்டி எங்கேயும் ஓடிவிடாது.

அன்புடன்,
பழைய க்ளெய்ம்காரன்